தலையில் அடிபட்டவரை மணிக்கொரு முறை எழுப்புவது எதற்காக?

கேள்வி: "அப்பா தலையில் அடிபட்டு ஐ.சி.யு.வில் இருக்கிறார். மணிக்கொரு முறை நர்ஸ் வந்து எழுப்பி, பெயர் கேட்டு, கண்ணில் டார்ச் அடித்து, கையைப் பிடிக்கச் சொல்கிறார். கண்ணயரவே விடுவதில்லை. இது அவசியம்தானா?"

அவசியம்தான். நரம்பியல் வார்டில் பல வருடம் இரவு டியூட்டி பார்த்தவள் நான். அசந்து தூங்குகிறவரை எழுப்பும்போது எங்களுக்கும் மனசு கேட்காது. ஆனாலும் எழுப்புவோம்.

மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே ரத்தம் கசிந்தாலோ மூளை வீங்கினாலோ அழுத்தம் ஏறும். அதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சுயநினைவுதான். தூக்கமா, நினைவு மங்குகிறதா என்று எட்ட நின்று பார்த்தால் தெரியாது; எழுப்பினால்தான் தெரியும்.

எழுப்பியதும் நாங்கள் போடுகிற மார்க்குக்கு கிளாஸ்கோ கோமா ஸ்கேல் என்று பெயர். டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு டாக்டர்கள் 1974-இல் வெளியிட்டது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. எதற்குமே பதில் இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் 1 உண்டு, அதனால் 3-க்குக் கீழே போகாது. 8-ம் அதற்குக் கீழும் ஆபத்தான நிலை.

கையைப் பிடிக்கச் சொன்னதும் உடனே "விடுங்க" என்றும் சொல்வோம், கவனித்திருப்பீர்கள். மூளையின் முன்பகுதி பழுதானால், உள்ளங்கையில் எது பட்டாலும் விரல்கள் தானாக மூடிக்கொள்ளலாம், பச்சைக் குழந்தை நம் விரலைப் பற்றிக்கொள்வதைப் போல. சொன்னதைக் கேட்டுப் பிடித்தாரா, அனிச்சையாகவா என்பது விடச் சொல்லும்போதுதான் விளங்கும். "என் கையைப் பிடிச்சார் சிஸ்டர்" என்று கண் கலங்கி ஓடி வருகிறவர்களிடம், "விடச் சொன்னப்போ விட்டாரா?" என்று கேட்பது எனக்கு இன்றைக்கும் கஷ்டமான காரியம்.

டார்ச் வெளிச்சம் பார்வை நரம்பு வழியாக உள்ளே போகிறது. கண் பாப்பாவைச் சுருக்கும் கட்டளை மூன்றாவது மூளை நரம்பு வழியாகத் திரும்பி வருகிறது. வீங்கிய மூளை அந்த நரம்பை நசுக்கினால், பெரும்பாலும் அதே பக்கத்துப் பாப்பா விரிந்து, சுருங்காமல் நின்றுவிடும். இது பிந்தி வரும் அறிகுறி. அதற்கு முன்பே பிடித்துவிடத்தான் இத்தனை கேள்வியும்.

ஒரு இரவு எனக்கு மறக்காது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு மணிக்கெல்லாம் அந்தப் பெரியவர் பெயரும் மாதமும் சரியாகச் சொன்னார், எரிச்சலோடுதான். ஒரு மணிக்குப் போனபோது நாலைந்து தடவை கூப்பிட்ட பிறகே கண்ணைத் திறந்தார். மாதத்தை மாற்றிச் சொன்னார், சொல்லி முடிப்பதற்குள் இமை மூடிக்கொண்டது. மறுபடி எழுப்பி, கண்ணை மூடி இரண்டு கையையும் உள்ளங்கை மேலே தெரிய நீட்டச் சொன்னேன். இடது கை நின்றது. வலது கை மெல்ல உள்பக்கம் புரண்டு கீழே இறங்கியது. பாப்பா இரண்டும் அப்போதும் சமம்தான். ஆனால் மார்க் 15-லிருந்து 13 ஆகிவிட்டது. உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். சி.டி. ஸ்கேனில் இடது பக்கக் கசிவு பெரிதாகியிருந்தது. அசைவுக்கான நரம்பிழைகளில் பெரும்பகுதி மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறிக் கடப்பதால், இடது மூளையின் பழுது வலது கையில் தெரிந்தது. விடிவதற்குள் ஆபரேஷன் முடிந்தது. பன்னிரண்டு மணி மார்க் சார்ட்டில் இல்லாதிருந்தால் அந்த 13-ஐப் பார்த்து நான் அவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

உங்களால் செய்ய முடிந்ததும் ஒன்று உண்டு. அப்பாவுக்குக் காது மந்தமா, முன்பே ஒரு பக்கம் பலவீனம் உண்டா, கண்புரை ஆபரேஷன் ஆனதா என்று நர்ஸிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் ஆன கண்ணில் பாப்பா ஒழுங்கற்று இருக்கலாம். அது பழையதா, இப்போது வந்ததா என்று உங்களுக்குத்தான் தெரியும். பேச்சிலோ முகத்திலோ ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் அடுத்த மணி வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.