ஓப்பன்ஆபீஸ், லிப்ரெஆபீஸ்: இரண்டில் எது அசல்?

ஆரக்கிள் நிறுவனம் கைவிட்ட, ஆவணங்களும் விரிதாள்களும் தயாரிக்க உதவும் இலவச மென்பொருளான ஓப்பன்ஆபீஸ் இன்னும் எப்படிக் கிடைக்கிறது, லிப்ரெஆபீஸ் அதன் நகலா என்று கேட்டிருக்கிறீர்கள். புதியவர்கள் பலரும் தடுமாறும் இடம் இது. பெயர் ஒரு பக்கமும், அதை வளர்த்தவர்களில் பெரும்பகுதியினர் மறுபக்கமும் போனதே இதற்குக் காரணம்.

1999இல் ஸ்டார்ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை வாங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், 2000இல் அதன் மூலநிரலை ஓப்பன்ஆபீஸ் என்ற பெயரில் வெளியிட்டது. நிரல் அன்றே பொதுவுக்கு வந்துவிட்டாலும், பெயரின் உரிமை நிறுவனத்திடமே இருந்தது. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2010 ஜனவரியில் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் பங்களிப்பாளர்கள் பலர் விலகி, டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பின்கீழ் லிப்ரெஆபீஸைத் தொடங்கினார்கள். பழைய பெயரை அவர்களால் எடுத்துச் செல்ல முடியவில்லை. 2011 ஜூனில் ஆரக்கிள் அந்தப் பெயரையும் நிரலையும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு அளித்தது.

ஆகவே லிப்ரெஆபீஸ் நகல் அன்று. ஒரே அடிமரத்தின் இன்னொரு கிளை. இரண்டும் மீண்டும் ஒன்றாகாததற்கு, நிரலை எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமங்களும் ஒரு காரணம்: அப்பாச்சி உரிமத்தில் உள்ள நிரலை லிப்ரெஆபீஸ் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் லிப்ரெஆபீஸின் மேம்பாடுகளை அதன் உரிமம் காரணமாக அப்பாச்சி தன் நிரலில் சேர்த்துக்கொள்ள இயலாது.

2014இல் 4.1 பதிப்பு வந்த பின்னர் அப்பாச்சி ஓப்பன்ஆபீஸில் பெரும்பாலும் சிறு திருத்தங்களே வெளிவருவதால், புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு லிப்ரெஆபீஸையே பரிந்துரைக்கிறேன். ஓடிடி (.odt) என்ற ஆவண வடிவில் நீங்கள் சேமித்த பழைய கோப்புகள் அதிலும் திறக்கும்.