வீரரின் பையில் கஞ்சா: கபடிக் குழு என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊரில் சங்கமாகப் பதிவு செய்த கபடிக் குழு நடத்துகிறோம். நான் செயலாளர். போன வாரம் வெளியூரில் மின்னொளி கபடிப் போட்டி. எங்கள் வேனில் போய், பள்ளிக்கூட வகுப்பறையில் தங்கினோம். இரவு ஆட்டத்துக்கு முன் முழங்கால் உறை தேடியபோது ஒரு பையனின் பையில் சின்ன கஞ்சாப் பொட்டலம் இருந்தது. அவனும் (22 வயது, எங்கள் முக்கிய ரெய்டர்) இன்னொருவனும் (17 வயது) புகைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். இருவரிடமும் மன்னிப்புக் கடிதம் வாங்கிவிட்டேன். பொட்டலத்தைக் கிளப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். இருவரையும் நீக்கி வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போடச் சொல்கிறார் ஸ்பான்சர். "சீசன் முடியட்டும், கண்டுக்காதீங்க" என்கிறார் கோச். போலீஸில் சொல்லியே ஆக வேண்டுமா? நீக்கலாமா? டோப் சோதனை வந்தால் அணிக்கே தடை வருமா? பெரியவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு வாய்ப்பு இருக்கிறது, அதுவும் கெட்டுவிடக் கூடாது.

பதில்: பையன்களைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் உங்களைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் இன்றைய தேதியில் கஞ்சாவைக் கையில் வைத்திருப்பவர் நீங்கள்தான்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985, கஞ்சா யாருடைய வசம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கும். பீரோ கிளப்புடையது, சாவி உங்களுடையது. வசத்தில் இருந்தது என்று காட்டிவிட்டால், குற்ற நோக்கம் இருந்ததாகவே நீதிமன்றம் ஊகிக்கும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு (பிரிவுகள் 35, 54). "பத்திரமா இருக்கட்டும்னு பூட்டி வச்சேன் சார்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை ஒரு வாரம் கழித்து, கேட்ட பிறகு சொல்லும்போது யாரும் சுலபமாக நம்ப மாட்டார்கள்.

சரி, கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடலாமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம். குற்றவாளியைக் காப்பாற்றும் நோக்கத்தில் சாட்சியத்தை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 238-வது பிரிவில் தனிக் குற்றம். வைத்திருந்தாலும் தப்பு, அழித்தாலும் தப்பு என்றால் மிச்சம் ஒரே வழிதான். இன்றே உள்ளூரில் குற்ற வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். எங்கே, எப்போது, யார் முன்னிலையில் கிடைத்தது, அன்றிலிருந்து எங்கே இருந்தது என்று உள்ளது உள்ளபடி எழுதி, அவரோடு காவல் நிலையம் போய் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். அதைப் பிரிக்காதீர்கள், எடை போடாதீர்கள், போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். பையன்களுக்கு அந்த வழக்கறிஞரையே வைத்துவிடாதீர்கள். உங்கள் நலனும் அவர்கள் நலனும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல. அவர்களுக்குத் தனி வக்கீல் வேண்டும்.

போலீஸில் சொல்லியே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுமக்கள் கட்டாயம் தகவல் தர வேண்டிய குற்றங்களின் பட்டியல் ஒன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 33-வது பிரிவில் இருக்கிறது. போதைப்பொருள் பயன்பாடு அதில் இல்லை. ஆகவே "இந்தப் பையன் புகைக்கிறான்" என்று ஓடிப்போய்ச் சொல்லும் கடமை உங்களுக்குக் கிடையாது. பொட்டலம் கையில் இல்லாமல் பேச்சு மட்டும் காதில் விழுந்திருந்தால் என் பதில் இதோடு முடிந்திருக்கும். இப்போது பொருளை ஒப்படைக்கப் போகிறீர்கள், அவர்கள் கேட்பார்கள். கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். "யாருடையதுன்னு தெரியல" என்று ஒரு வரி பொய் எழுதினால், அதுவரை சாட்சியாக இருந்த நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவீர்கள்.

கோச் சொன்ன "கண்டுக்காதீங்க" இருக்கிறதே, அதுதான் கிளப்புக்கு ஆபத்தான யோசனை. ஒரு அறையையோ வாகனத்தையோ தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர், அங்கே இந்தக் குற்றம் நடக்கத் தெரிந்தே விட்டால், குற்றம் செய்தவருக்கு உள்ள அதே தண்டனை அவருக்கும் உண்டு என்கிறது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு. போன வாரம் வரை உங்களுக்குத் தெரியாது. இனி தெரியாது என்று சொல்ல முடியாது. அடுத்த போட்டிக்கு அதே வேனில் அதே பையனை ஏற்றி, வழியில் சோதனைச் சாவடியில் ஒரு பொட்டலம் சிக்கினால் வேனும் பறிமுதலாகலாம். உரிமையாளருக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க நியாயமான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தோம் என்று காட்டினால்தான் வேன் திரும்பக் கிடைக்கும். மன்னிப்புக் கடிதங்களைக் கோப்பில் வைத்துக்கொண்டு அதைக் காட்டவே முடியாது.

பெரியவன் நிலைமை பயந்த அளவுக்கு மோசமில்லை. கஞ்சாவில் 1 கிலோ வரை சட்டத்தின் கணக்கில் சிறிய அளவு. வைத்திருந்ததற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகைத்ததற்கு உச்சம் ஆறு மாதம். பலருக்குத் தெரியாத ஒரு கதவும் திறந்திருக்கிறது: அதே சட்டத்தின் பிரிவு 64ஏ. பழக்கத்துக்கு அடிமையானவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால், சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்கு அவர் மீது வழக்கு நடத்த முடியாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அடிமையானவரா, எப்போதாவது புகைப்பவரா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எப்போதாவது என்றால் 64ஏ பொருந்தாமல் போகலாம். எப்படியும் இந்த வாரமே ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவன் தானாகப் போவது நல்லது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணில் கேட்கலாம். நீங்கள் இழுத்துக்கொண்டு போனால் அது 'தானாக' ஆகாது.

போலீஸ் வேலை பற்றி: விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்பார்கள், பின்னணியை விசாரிப்பார்கள். வழக்கு வந்தால் அதை மறைக்கக் கூடாது. சின்ன வழக்கை மறைத்துவிட்டு, அந்த மறைப்புக்காகவே வேலையை இழந்தவர்கள் ஏராளம். அவ்தார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளிலும் முதலில் நிற்பது, கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான்.

பதினேழு வயதுப் பையனின் கதை வேறு. இளைஞர் நீதிச் சட்டம், 2015 அவனைக் குழந்தையாகத்தான் பார்க்கிறது. பெற்றோர் இல்லாமல் அவனிடம் எழுதி வாங்கிய கடிதத்தால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. நாளைக்கு "மிரட்டி எழுத வைத்தார்கள்" என்று அவன் அப்பா சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? இன்றைக்கே பெற்றோரை அழைத்து நேரில் பேசுங்கள். அவன் விஷயம் போனாலும் சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். அங்கே வரும் முடிவு பிற்கால வேலைக்குத் தகுதியிழப்பு ஆகாது என்று 24-வது பிரிவு சொல்கிறது. அவன் பெயரை வெளியிடுவது 74-வது பிரிவின்படி குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்பான்சர் கேட்கும் வாட்ஸ்அப் அறிவிப்பின் விலை இது. பெரியவன் பெயரைப் போட்டாலும், விசாரணை முடியுமுன் குற்றவாளி என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. சின்னவனுக்குக் கஞ்சா கொடுத்தது யார்? பெரியவன் என்றால் 'சிறிய அளவு' கணக்கெல்லாம் அடிபட்டுப் போகும். குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் வரை அபராதமும் உண்டு. அதைத் துப்பறியும் வேலை உங்களுடையதல்ல. ஆனால் விடை தெரியும் வரை இருவரையும் ஒரே அறையில் தங்க வைக்காதீர்கள், ஒரே வேனில் அனுப்பாதீர்கள்.

இப்போது நீக்கம். தனியார் சங்கம்தானே, யாரை வேண்டுமானாலும் நீக்கலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. டி.பி. டேவர் எதிர் லாட்ஜ் விக்டோரியா வழக்கில் 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சங்கம் தன் துணைவிதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும், நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் உரிமையியல் நீதிமன்றம் நீக்கத்தை ரத்து செய்யலாம். ஆகவே எழுத்தில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுங்கள், என்ன குற்றச்சாட்டு என்று தெளிவாகச் சொல்லுங்கள், பதில் சொல்ல நியாயமான நாட்கள் கொடுங்கள். விசாரிக்கும் குழுவில் நீங்கள் உட்காரக் கூடாது. பொட்டலத்தைக் கண்டெடுத்தவர் நீங்கள், அங்கே நீங்கள் சாட்சி. கிரிமினல் விஷயம் நிலுவையில் இருப்பதால் பதில் சொல்ல மாட்டேன் என்று அவன் சொன்னால், அதையே குற்ற ஒப்புதலாக எடுக்காதீர்கள். விசாரணை முடியும் வரை அணியில் சேர்க்காமல் வைத்திருப்பது வேறு. அது தண்டனையாகாது, தாராளமாகச் செய்யலாம்.

நீக்கலாமா என்பதற்கு என் கருத்து: புகைத்ததற்கு மட்டும் நீக்காதீர்கள். கொடுத்தான், விற்றான் என்று தெளிந்தால் யோசிக்காமல் நீக்குங்கள். பெரிய கிளப்புகள் இரண்டு விதமாகவும் நடந்திருக்கின்றன. 2004-ல் கோகைன் சோதனையில் சிக்கிய கால்பந்து வீரர் ஏட்ரியன் முட்டுவை இங்கிலாந்தின் செல்சீ கிளப் உடனே வேலையை விட்டு அனுப்பியது. ஏழு மாதத் தடை முடிந்து அவர் இத்தாலியில் ஆடினார். ஒப்பந்தத்தை மீறியதற்காக செல்சீக்கு 1.7 கோடி யூரோவுக்கு மேல் தர வேண்டும் என்று ஃபிஃபா சொன்னது, 2009-ல் விளையாட்டு நடுவர் மன்றமும் அதையே உறுதி செய்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் அவருக்கு அந்தத் தொகையிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. 2015-ல் ஹல் சிட்டி கிளப்பின் ஜேக் லிவர்மோரும் கோகைனில்தான் சிக்கினார். பிறந்த குழந்தையைப் பறிகொடுத்த துக்கத்தில் இருந்தவர் என்பதைப் பார்த்து இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தடையே போடவில்லை. அவர் திரும்பி வந்து ஆடினார், 2017-ல் இங்கிலாந்து அணியிலும் ஆடினார். செல்சீக்குக் கோடிக்கணக்கில் ஒப்பந்தமும் வக்கீல் படையும் இருந்தன. உங்களிடம் இருப்பது ஒரு பையனும் ஒரு வேனும்.

டோப் சோதனை: மாநில, தேசியப் போட்டிகளில் நாடா எனப்படும் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை வரலாம். கஞ்சா போட்டிக் காலத்தில் மட்டும் தடை செய்யப்பட்டது. போட்டிக் காலம் முந்தைய நாள் இரவு 11:59-க்கே தொடங்கிவிடும். போட்டிக்கு வெளியே, ஆட்டத்தோடு சம்பந்தமில்லாமல் புகைத்தது என்று வீரர் நிரூபித்தால் தடை மூன்று மாதம். சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் அது ஒரு மாதமாகக் குறையலாம். 2021-ல் அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஷாகாரி ரிச்சர்ட்சனுக்கு இப்படித்தான் ஒரு மாதத் தடை வந்தது, டோக்கியோ ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டமும் போனது. போட்டிக் காலத்தில் புகைத்திருந்தால் கணக்கு மாறும், இரண்டு ஆண்டு வரை போகலாம். உங்கள் பையனின் பையில் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு பொட்டலம் இருந்திருக்கிறது. நாடா விதிகள் பொருந்தும் போட்டியாக இருந்திருந்தால், "போன வாரம் புகைத்தது" என்று சொல்லித் தப்புவது கஷ்டம். தொடர்ந்து புகைப்பவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் கூடத் தடயம் தங்கும். உங்கள் அணிக்கே தடை வருமா என்றால், ஒரே போட்டித் தொடரில் இரண்டு பேருக்கு மேல் சிக்கினால்தான் அணி மீது நடவடிக்கை என்பது பொது விதி. கோச்சுக்கு இன்னொரு செய்தியும் சொல்லுங்கள்: விதிமீறலை மூடி மறைக்க உதவுவதும் அதே விதிகளில் தனி மீறல்தான், பயிற்சியாளருக்கும் தடை உண்டு.

இணையத்தில் சோதனைக் கிட் வாங்கி எல்லோரையும் நீங்களே சோதிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சம்மதம் எழுத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். கிட் காட்டுவது முதற்கட்டச் சந்தேகம்தான், ஆய்வக உறுதி இல்லாமல் அதை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. 17 வயதுக்காரனுக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

அடுத்த சீசனுக்கு முன் துணைவிதியில் இதற்கென்று ஒரு பகுதி சேருங்கள். அதைச் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்றி, சங்கங்களின் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். முதல் முறை சிக்கினால் ஓய்வு, மருத்துவர், பெற்றோருக்குத் தகவல், பெயர் வெளியே போகாது. இரண்டாம் முறை இத்தனை மாதத் தடை. கொடுத்தால், விற்றால் நீக்கம். முக்கிய ரெய்டருக்கும் பெஞ்சில் உட்காரும் பையனுக்கும் ஒரே விதி. பயணங்களில் பையைப் பார்ப்போம் என்பதையும் அதிலேயே சொல்லி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இனி ஏதாவது கிடைத்தால் தொடாமல், இரண்டு நிர்வாகிகள் முன்னிலையில் உடனே போலீஸை அழைப்பது என்றும் எழுதுங்கள்.

ஸ்பான்சருக்குப் போனில் எதுவும் சொல்லாதீர்கள். "ஒழுங்குப் பிரச்சினை ஒன்று விசாரணையில் இருக்கிறது, முடிந்ததும் முடிவைத் தெரிவிப்போம்" என்று பெயர் எதுவும் இல்லாமல் கடிதமாக அனுப்பி, நகலைக் கோப்பில் வையுங்கள். பெயர் வந்தால்தான் ஜெர்சிக்குப் பணம் என்று அவர் அடம் பிடித்தால், இந்த வருடம் ஜெர்சிக்கு வேறு ஆளைப் பாருங்கள்.