ஹார்டர் நீர்மூழ்கியை மூழ்கடித்தது, ஜப்பான் கைப்பற்றிய அமெரிக்க நாசகாரிக் கப்பல்தானா?

ஏதாவது காணொளி பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். ‘அமெரிக்கக் கப்பலே அமெரிக்க நீர்மூழ்கியைக் கொன்றது’ என்று தலைப்பு வைத்தால் பார்வைகள் குவியும். ஆனால் மூழ்கடித்தது சிடி-22 என்ற ஜப்பானியக் காவல் கப்பல். நீங்கள் கேட்கும் பேட்ரோல் போட் 102 அன்று கூட வந்தது, அவ்வளவுதான்.

102 என்பது ஜப்பான் கைப்பற்றிய பழைய அமெரிக்க நாசகாரி (டெஸ்ட்ராயர்) யு.எஸ்.எஸ். ஸ்டூவர்ட். 1942 பிப்ரவரியில் பாலி அருகே படுங் நீரிணைச் சண்டையில், பின்பக்கம் நீர்மட்டத்துக்குக் கீழே அடிபட்டது. சுக்கான் இயந்திரம் இரண்டடித் தண்ணீருக்குள் இருந்தபடியே ஓடியது. கப்பலும் வரிசை பிசகாமல் ஜாவாவின் சுரபாயா துறைமுகம் வந்து சேர்ந்தது. எதிரி செய்யாததை அங்கிருந்த மிதக்கும் உலர்துறை (கப்பலைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிவைத்துப் பழுதுபார்க்கும் மேடை) செய்தது. அடியில் முட்டுக்கட்டைகள் போதவில்லை. கப்பல் சரிந்து பக்கவாட்டில் விழுந்து, புரொப்பல்லர் தண்டுகள் வளைந்துபோயின. பிறகு ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாதென்று அமெரிக்கர்களே உள்ளே வெடிவைத்தார்கள், ஜப்பானியக் குண்டு ஒன்றும் நடுவில் விழுந்தது, கடைசியில் துறையோடு சேர்த்து மூழ்கடித்துவிட்டு மார்ச் 2-இல் ஊரைக் காலி செய்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்து, ஸ்டூவர்ட் என்ற பெயரையும் புதுக்கப்பல் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஜப்பானியர் 1943 பிப்ரவரியில் தூக்கி, செப்டம்பர் 20-இல் 102 என்ற எண்ணோடு கான்வாய்க் காவலுக்கு, அதாவது கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களுக்குத் துணையாக, இறக்கினார்கள். நான்கு புகைபோக்கிகளில் முன்னிரண்டையும் ஒன்றாக இணைத்ததால், வெளியே தெரிந்தவை மூன்று. குழப்பத்துக்கு விதை இதுதான். 1944 ஆகஸ்ட் 24 காலை, பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் உள்ள டாசோல் விரிகுடாவுக்கு வெளியே ஹார்டரோடு இருந்த ஹேக் நீர்மூழ்கி, மூன்று புகைபோக்கிக் கப்பலைப் பார்த்துத் தாய்லாந்தின் ‘ப்ரா ருவாங்’ என்று எழுதிவைத்தது. சிடி-22-ஐ மைன்ஸ்வீப்பர் (கண்ணிவெடி அகற்றும் கப்பல்) என்றது.

அந்த ‘தாய்லாந்துக் கப்பல்’ விரிகுடா பக்கம் திரும்பிப் போய்விட்டது. விடாமல் தேடியது சின்னக் கப்பலான சிடி-22. ஹார்டர் அதன்மேல் ஏவிய மூன்று டார்பிடோக்களும் தவறின. 7:28-க்குத் தூரத்தில் 15 டெப்த் சார்ஜ்கள் (நீருக்கடியில் வெடிக்கும் நீர்மூழ்கி எதிர்ப்புக் குண்டுகள்) மடமடவென்று வெடித்ததை ஹேக் கேட்டது. ஏராளமான எண்ணெய், மரச்சில்லு, தக்கை மிதந்தன என்கிறது ஜப்பானிய அறிக்கை. ஹார்டரில் இருந்த 79 பேரும் போனார்கள்.

“102 ஒன்றுமே செய்யவில்லையா?” என்று சண்டைக்கு வராதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. கணக்கை யார் பேரில் எழுதுவது என்பதுதான் பேச்சு. சிடி-22 அந்த வேலைக்கென்றே கட்டிய டி வகை: 740 டன், ஒற்றைப் புரொப்பல்லர், மணிக்கு 17.5 கடல் மைல்தான், ஆனால் 120 டெப்த் சார்ஜ்கள், அவற்றை வீச 12 எறிவான்கள். இதைப் போய் டெஸ்ட்ராயர் என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல! சாம்பல் பெயின்ட் அடித்து பீரங்கி வைத்தால் எல்லாமே டெஸ்ட்ராயராம்.

போர் முடிந்தபோது 102 ஜப்பானின் கூரே துறைமுகத்துக்கு அருகே கிடந்தது. 1945 அக்டோபர் 29-இல் அமெரிக்கக் கடற்படை திரும்பச் சேர்த்துக்கொண்டது. பெயர்தான் போய்விட்டதே, பழைய எண்ணை வைத்து வெறும் டிடி-224 என்றார்கள். வழியில் குவாம் அருகே இயந்திரம் நின்று, சான் பிரான்சிஸ்கோவுக்குக் கயிற்றில்தான் வந்தது. 1946 மே 24-இல் இலக்காக வைத்துச் சுட்டு மூழ்கடித்தார்கள். 2024-இல் இரண்டும் கிடைத்தன: ஹார்டர் லூசோன் அருகே சுமார் 3,000 அடியில், ஸ்டூவர்ட் கலிபோர்னியா அருகே சுமார் 3,500 அடியில். இரண்டும் நிமிர்ந்தே நிற்கின்றன.