பனாமா கால்வாயை உல்லாசக் கப்பலில் கடப்பது அந்தச் செலவுக்குத் தகுமா?

தகும். ஆனால் கால்வாயை முழுதாகக் கடக்கும் பயணமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சில கப்பல்கள் கரீபியன் பக்கத்திலிருந்து காட்டூன் ஏரிக்குள் வந்துவிட்டு அப்படியே திரும்பிவிடும். விலை குறைவுதான், ஆனால் என்னைப் பொறுத்தவரை கால்வாயின் பாதி உயிர் அந்த ஏரிக்கு அப்பால்தான் இருக்கிறது. நான் போனது கரீபியனிலிருந்து பசிபிக்குக்கு, 1914-இல் திறந்த பழைய லாக்குகள் (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் தொட்டிகள்) வழியாக. முழுதாகக் கடக்க ஒரு பகல் பொழுது ஆகிவிடும்.

காட்டூனில் மூன்று தொட்டிகள் படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொன்றின் அகலமும் 33.5 மீட்டர், உள்ளே நுழையும் பெரிய கப்பல்களோ 32 மீட்டருக்கும் மேல், அதனால் கீழ்த்தளத்துப் பால்கனியில் நின்றால் ஈரம் கசியும் கான்கிரீட் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நகர்வதைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் தண்டவாளத்தில் ஓடும் மின்சார இன்ஜின்கள் கம்பி கட்டிக் கப்பலை நடுவில் பிடித்துக்கொள்கின்றன. இவ்வளவு பெரிய கப்பலைத் தூக்க ஒரு பம்புகூடக் கிடையாது! மேலே ஏரியில் நிற்கும் தண்ணீரைத் திறந்துவிட, அது தொட்டியின் தரையில் உள்ள துளைகள் வழியாகப் பொங்கி வந்து, மூன்று தொட்டிகளிலுமாகக் கப்பலைக் கடல்மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது.

அந்த ஏரியே சாக்ரெஸ் ஆற்றுக்கு அணை கட்டித் தேக்கியதுதான், எல்லாம் மழைத் தண்ணீர். ஒரு கப்பல் கடந்து போவதற்குச் சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலில் கலக்கிறது. பனாமா நகரத்தின் குடிநீரும் இதே நீர்ப்பிடிப்பிலிருந்துதான் வருகிறது. 2023-இல் மழை பொய்த்தபோது தினமும் விடும் கப்பல்களின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் குலேப்ரா வெட்டு. மலைத்தொடரைக் குடைந்து 13 கிலோமீட்டர் அளவுக்கு வழி எடுத்திருக்கிறார்கள், வெட்டிய சரிவுகள் படிப்படியாகத் தெரியும். 1881-இல் கால்வாய் வேலையைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்து, மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் விபத்துகளிலும் சுமார் 22,000 பேர் இறந்துபோய், கம்பெனியும் திவாலானது. பிறகு அமெரிக்கர்கள் கொசுவை ஒழித்துவிட்டு வேலையை முடித்த பத்தாண்டுகளிலும் 5,600 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பார்படோஸ், ஜமைக்கா போன்ற தீவுகளிலிருந்து கூலிக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். எங்கள் கப்பலின் ஒலிபெருக்கி விளக்கத்தில் பொறியாளர்களின் பெயரெல்லாம் விரிவாக வந்தது, இவர்களுக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அது பொறுக்கவில்லை. போவதற்கு முன் இவர்களைப் பற்றிக் கொஞ்சமாவது படித்துவிட்டுப் போங்கள், அந்த இடத்தை வெறும் பச்சை மலையாகப் பார்க்க முடியாது.

பெட்ரோ மிகுவல் லாக்கில் ஒரு படி, மிராஃப்ளோரஸ் லாக்கில் இரண்டு படி இறங்கினால் பசிபிக்.

மற்றபடி, காட்டூனுக்கு முன்பே முன்பக்கத் தளத்தில் இடம் பிடித்துவிடுங்கள், நேரமானால் கூட்டம் நெரியும். ஏரியில் போகும்போது சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, ஆனால் வெயில் சுட்டெரிக்கும், தொப்பி இல்லாமல் மேலே நிற்க முடியாது. புது லாக்குகள் வழியாகப் போகும் பெரிய கப்பல்களும் உண்டு, அங்கே இந்தத் தண்டவாள இன்ஜின்கள் கிடையாது, இழுவைப் படகுகள்தான். முதல் தடவை என்றால் பழைய வழியில் போகும் கப்பலாகக் கேட்டு வாங்குங்கள்.