குளிர்காலப் போல் தூண்டிலுக்கு எந்தத் தடிமன் நரம்பு? வாசகர் கேள்வி-பதில்

இங்கிலாந்தின் கால்வாய்களிலும் கட்டணக் குளங்களிலும் ரீல் இல்லாத நீண்ட கார்பன் போலைக் கொண்டு மீன் பிடிக்கும் வாசகர்கள் நவம்பர் பிறந்ததிலிருந்து அனுப்பியிருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை தூண்டில் இழையான நரம்பின் தடிமனையே சுற்றி வருகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன். போலின் நுனியிலிருந்து தக்கையைத் தாங்கி இறங்கும் பகுதியை மேல் நரம்பு என்றும், அதன் முனையில் முள்ளோடு சேர்த்துக் கட்டும் கடைசி நான்கு முதல் ஆறு அங்குலத்தை முள் நரம்பு என்றும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: கோடையில் 0.14 மி.மீ. முள் நரம்பில் நன்றாகக் கிடைத்தது. டிசம்பரில் அதே இடத்தில் தக்கை அசையவே இல்லை. நரம்பை மாற்றினால் போதுமா?

பதில்: நரம்பை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன் இடத்தையும் மாற்றுங்கள். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால், கடுங்குளிரில் மேல்மட்டம் உறைநிலையை நெருங்கும்போதும் ஆழமான அடித்தளம் அதைவிடச் சற்று வெதுவெதுப்பாகவே இருக்கிறது. ஆகவே கோடையில் கரையோரப் புல்லடியில் மேய்ந்த ரோச் மீன்கள் இப்போது கால்வாயின் நடுவே, படகு செல்லும் ஆழமான தடத்தில் கூடியிருக்கும்.

நரம்பைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதைவிட அதன் விறைப்பே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. நரம்பின் வலிமை தடிமனின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. விறைப்போ நான்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 0.14-லிருந்து 0.08-க்கு இறங்கும்போது வலிமை மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்றால், விறைப்பு ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. குளிரில் மீன் இரையைத் துரத்துவதில்லை. வாயருகே வந்ததை மெல்ல உறிஞ்சிப் பார்த்து, சந்தேகம் தட்டினால் உடனே உமிழ்ந்துவிடும். அந்தச் சிறிய உறிஞ்சலுக்கு இரை தடையின்றி உள்ளே போக வேண்டும்.

வீட்டில் உயரமான கண்ணாடிக் குவளை ஒன்றில் நீர் நிரப்பி, எண் 22 என்னும் மிகச்சிறிய முள்ளில் பிங்கி எனப்படும் சிறு ஈப்புழு ஒன்றைக் குத்தி, இரண்டு நரம்புகளிலும் மாற்றி மாற்றி இறக்கிப் பாருங்கள். தடித்த நரம்பில் புழு குச்சியில் ஒட்டியதுபோல விறைத்து இறங்கும், 0.08-இல் அது தன் எடைக்கேற்ப ஆடி அசைந்து, நாம் வெறுங்கையால் தூவிய புழுவைப் போலவே விழும். கால்வாய் ரோச்சுக்குப் பிங்கியோ ரொட்டித் துணுக்கோ பயன்படுத்தும்போது 0.08-இல் தொடங்கி, கடித்தும் மாட்டாத நாளில் 0.07-க்கு இறங்குங்கள். மண்புழுத் துண்டுக்கு வரும் பெரிய பெர்ச் மீனுக்கு 0.10-க்குக் கீழே போக வேண்டாம்.

கேள்வி: மேல் நரம்பையும் அதே அளவில் மெலிதாக வைக்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டுக்கும் குறைந்தது 0.02 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். 0.10 மேல் நரம்பில் 0.08 முள் நரம்பைக் கட்டினால், ஒரே வகை நரம்பாயின், கீழ்ப்பகுதியின் வலிமை மேல்பகுதியின் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஆகவே அறுந்தால் முள்ளருகேதான் அறும். தக்கையையும், நரம்பில் பொருத்தும் சிறு எடைக் குண்டுகளையும், நீண்ட நரம்பையும் இழுத்துக்கொண்டு மீன் அலையும் கொடுமை நேராது.

கேள்வி: அல்பேர்ட்டன் அருகே கிராண்ட் யூனியன் கால்வாயின் பேடிங்டன் கிளையில் பிடிக்கிறேன். காற்றடித்தால் தக்கை நிற்க மறுக்கிறது. தடித்த நரம்பு நிலைத்து நிற்குமா?

பதில்: நேர்மாறாகத்தான் நடக்கும். போலின் நுனிக்கும் தக்கைக்கும் இடையில் வெளியே தொங்கும் நரம்பைக் காற்று பிடித்துத் தள்ளுகிறது. தடிமன் கூடக் கூட அந்தத் தள்ளலும் கூடும். 0.10 மேல் நரம்பையே வைத்துக்கொண்டு, தக்கைக்கு மேல் எண் 11 என்னும் மிகச்சிறிய குண்டு ஒன்றைப் பொருத்தி நரம்பை நீருக்குள் அமிழ்த்துங்கள். தக்கையை 4x12-லிருந்து, அதிக எடை தாங்கும் 4x14-க்கு உயர்த்துங்கள். நரம்பில் கைவைப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. 1801-இல் திறக்கப்பட்ட இந்தக் கிளையின் கரையில் இன்று தமிழ்ப் பேச்சு சாதாரணமாகக் காதில் விழுகிறது. அங்கிருந்து இப்படியொரு கேள்வி வந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கேள்வி: நீரில் தெரியாது என்று சொல்லி ஃபுளோரோகார்பன் என்னும் வேறு வகை நரம்பை விற்கிறார்களே, அதையே கட்டலாமா?

பதில்: அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.42. நீருடையது 1.33, நைலானுடையது 1.5-க்கும் மேல். எனவே குறைவாகத் தெரியும் என்பது உண்மையே. அறவே தெரியாது என்பது உண்மையன்று. அது நைலானைவிட அடர்த்தியானது என்பதால் விரைந்து மூழ்கும். ஆனால் அதே தடிமனில் பெரும்பாலும் அதிக விறைப்பாகவும் இருக்கும். மேலே சொன்ன காரணத்தால், மெல்லிய ரிக்குகளுக்கு (நரம்பு, தக்கை, குண்டு, முள் சேர்ந்த கோவைகளுக்கு) நான் மென்மையான நைலானையே கட்டுகிறேன். ஃபுளோரோகார்பனைக் கட்டுவோர், முடிச்சை எச்சிலால் நன்றாக நனைத்து மெதுவாக இறுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் இறுக்கினால் உராய்வின் சூட்டில் முடிச்சு நலிந்துவிடும்.

கேள்வி: 0.08 நரம்பு அடிக்கடி அறுந்துபோகிறது. நரம்பு மட்டமானதா?

பதில்: முதலில் எலாஸ்டிக்கைப் பாருங்கள். போலில் ரீல் கிடையாது; மீனின் ஓட்டத்தைத் தாங்குவது உள்ளே ஓடும் எலாஸ்டிக்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரிக் காலையில், கோடையில் போட்ட எண் 8 எலாஸ்டிக்கை (எண் கூடக் கூடத் தடிமனும் கூடும்) மாற்றாமலே 0.07 முள் நரம்பைக் கட்டி அமர்ந்துவிட்டேன். முதல் கடியிலேயே நல்ல பெர்ச் ஒன்று தலையை இருமுறை உதறியது. எலாஸ்டிக் நீளவே இல்லை, நரம்பு அறுந்தது, என் முள் அதன் வாயிலேயே தங்கிவிட்டது. அந்த மீனை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. 0.07-க்கு எண் 3, 0.08-க்கு எண் 4 அல்லது 5, உள்ளே துளையில்லாத திட எலாஸ்டிக் போதும்.

அதற்குப் பிறகும் அறுந்தால், அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பன்றி வாலைப் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. குண்டு இருந்த இடத்தில் அறுந்திருந்தால், குண்டை அழுத்தி நரம்பை நசுக்கியிருக்கிறீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1987 முதல் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளுக்குத் தடை உண்டு. நமக்கு வேண்டிய எண் 8-உம் அதைவிடச் சிறிய குண்டுகளும் அந்தத் தடைக்குள் வருவதில்லை. மென்மையான ஈயத்தில், விரலால் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் மூடுங்கள்.

கேள்வி: இரண்டு நிறுவனங்களின் 0.10 நரம்புகளுக்கு வலிமை வேறுபடுவது ஏன்?

பதில்: அட்டையில் அச்சிட்ட தடிமனும் உண்மைத் தடிமனும் எப்போதும் ஒன்றல்ல. மைக்ரோமீட்டரால் ஐந்தாறு இடங்களில் அளந்து பார்த்து, உங்கள் அளவை அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: கட்டணக் குளத்தில் எஃப்1 (கார்ப் கலப்பின மீன்), கார்ப் மீன்களுக்கும் குளிரில் 0.08 சரிதானா?

பதில்: எஃப்1 மீனுக்கு 0.12 மேல் நரம்பும் 0.10 முள் நரம்பும் போதும். பெரிய கார்ப் வரக்கூடிய குளத்தில் 0.15-உம் 0.12-உம் வேண்டும், கடி குறைந்தாலும் பரவாயில்லை. முள்ளும் நரம்பும் வாயில் தொங்க மீனை விட்டுவிட்டு வருவதைவிட, இரண்டு கடி குறைவாகப் பெற்று வீடு திரும்பலாம். 0.12-லும் கடி விழவில்லை என்றால் இரையைக் குறையுங்கள்: மூன்று புழுக்களுக்குப் பதில் ஒன்று, கைப்பிடி தீனிக்குப் பதில் பத்துப் புழுக்கள் மட்டும், போலின் நுனியில் மாட்டிய சிறு கிண்ணத்திலிருந்து, தக்கைக்கு நேர் மேலே.