பயம் போகும்வரை காத்திருக்க வேண்டுமா?

முப்பது ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளி நடத்திவரும் ஆசிரியை, புதிதாக ஒன்றைத் தொடங்க அஞ்சுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: அக்கா, கணவர் இறந்தபின் வேலைக்குப் போவதற்காக ஸ்கூட்டர் பழக வேண்டியிருக்கிறது. வயது 46. வண்டியைத் தொட்டாலே கை நடுங்குகிறது. பயம் நீங்க எத்தனை நாள் ஜெபிப்பது?

பதில்: ஜெபியுங்கள், தங்கையே, ஆனால் பயம் போன பிறகுதான் வண்டியைத் தொடுவேன் என்று காத்திருக்க வேண்டாம். வேதாகமத்தின் நியாயாதிபதிகள் 7-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலரின் தலைவனான கிதியோனிடம், எதிரிகளான மீதியானியரின் சேனை இருக்கும் இடத்துக்கு இரவில் இறங்கிப் போகச் சொல்லும் கர்த்தர், போகப் பயப்பட்டால் உன் வேலைக்காரன் பூராவையும் கூட்டிக்கொண்டு போ என்கிறார். கிதியோனை அவர் கடிந்துகொள்ளவில்லை, துணையோடு அனுப்பினார். இந்தப் பகுதியை நாம் போதிய அளவு பிரசங்கிப்பதில்லை என்பது என் ஆதங்கம். பழகுநர் உரிமம் எடுத்தபின், ஆராதனை முடிந்து ஆலய வளாகம் காலியானதும், ஓட்டத் தெரிந்த சகோதரி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, முதல் நாள் இஞ்சினை முடுக்காமல் இரு கால்களாலும் தரையை உந்தி நகருங்கள். பிரேக்கை மட்டும் பழகுங்கள். திடுக்கிட்டால் வலது கை தானாகவே ஆக்ஸிலேட்டரைத் திருகிவிடும்; அந்தக் கைக்குத்தான் பயிற்சி வேண்டும்.

கேள்வி: பயப்படுவது அவிசுவாசமா?

பதில்: கடல்மேல் நடக்கையில் பயந்து மூழ்கத் தொடங்கிய சீடன் பேதுருவை இயேசு முதலில் கையை நீட்டிப் பிடித்தார். ஏன் சந்தேகப்பட்டாய் என்று கேட்டது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: 52 வயதில் சிறுபிள்ளைகளோடு கீபோர்டு வகுப்பில் உட்கார வெட்கமாக இருக்கிறது.

பதில்: 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஐயர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழெழுத்தைக் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-க்குள் தமிழில் அச்சாகி முடிந்தது. தயங்காமல் உட்காருங்கள், அண்ணன்.

கேள்வி: ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் திக்கும். மறுத்துவிடலாமா?

பதில்: மறுக்க வேண்டாம், தம்பி. மோசேயும் தன்னைத் திக்குவாயன் என்றுதான் சொன்னார். அது நீங்கிற்று என்று யாத்திராகமத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவருக்காகப் பேச அண்ணன் ஆரோன் உடன் வந்தார். உங்கள் பாடத்தை நின்றபடி வீட்டார் முன் சத்தமாக வாசியுங்கள்; நாக்கு தடுக்கும் பெயர்களுக்கு முன் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அங்கே மூச்சு விட்டுத் தொடருங்கள். எந்த ஞாயிறு, எந்த அதிகாரம் என்று எழுதுங்கள். அந்த வேளையில் உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருப்பேன்.