கணக்குக் கேட்டால் கௌரவம் போய்விடுமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு சபையில் பல வருடங்களாகச் செயலாளராக இருக்கிறேன். புது ஹால் கட்ட அலைந்தது நான்தான். கல்வெட்டில் என் பெயர் போதகர் பெயருக்கு அடுத்து வரவேண்டும் என்று கமிட்டியில் சொன்னேன். அது பெருமை என்கிறார்கள். போதாததற்கு, கட்டடக் கணக்கைச் சபையில் வாசிக்க வேண்டும் என்று வாலிபர் சங்கத்துப் பையன்கள் கேட்கிறார்கள். தாழ்மையாக ஊழியம் செய்த எனக்கு இது அவமானம். ராஜினாமா செய்துவிடட்டுமா?

பதில்: அன்புச் சகோதரரே, கல்வெட்டு ஆசை சின்ன விஷயம். நம் ஊரில் பஸ் நிறுத்தத்துக்குக்கூடப் பெயர் பொறித்துத்தான் திறக்கிறோம். உங்களை மட்டும் குறை சொல்வானேன்? எனக்கு உறுத்துவது கணக்கு.

பையன்கள் உங்களைத் திருடர் என்று சொல்லவில்லையே. வாசிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். அது யார் பணம்? உலையில் போடும் முன் அம்மாமார் எடுத்துவைத்த பிடியரிசி, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கடைவிலையைப் போல் சில மடங்கு கொடுத்து எடுத்த ஏத்தன் வாழைக்குலை, வளைகுடா வெயிலில் நிற்கிற பிள்ளைகள் அனுப்பிய காசு. கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

எருசலேம் சபைக்கு உதவிப்பணம் கொண்டுபோனபோது பவுல் என்ன செய்தார்? சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூட்டிக்கொண்டார். யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கவேண்டும் என்று 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அப்போஸ்தலனே ‘கர்த்தருக்குத் தெரியும்’ என்று வாயடைக்கவில்லை. நம் கமிட்டிகளில் இந்த வாக்கியம் எத்தனை நோட்டுப் புத்தகங்களை மூடிவைத்திருக்கிறது!

ராஜினாமா பேச்சை விடுங்கள். கமிட்டிக்காரர்கள் வீடு தேடி வந்து கெஞ்சவேண்டும் என்ற எண்ணம் அதில் கொஞ்சம் இருக்கிறதா, இல்லையா? யோவான் 13-ஐ எடுத்து வாசியுங்கள். சீஷர்களின் கால்களைக் கழுவிய கையோடு, நீங்கள் என்னைப் போதகர், ஆண்டவர் என்று சொல்வது சரிதான் என்கிறார் இயேசு. பொறுப்பை உதறவில்லை, அந்த இடத்தில் இருந்துகொண்டே குனிந்தார்.

உங்கள் பக்கத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தை எண்ணிப்பாருங்கள். அவர் கத்தோலிக்கர், இருந்தாலும் நம் மண்ணின் ஆள். திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாக இருந்தவர், 1745-இல் ஞானஸ்நானம் பெற்றபிறகு தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். 2022 மே 15-இல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது பெயரின் சாதி வால்கூட இல்லை. நம் கல்வெட்டுகளிலோ பட்டம், பதவி எல்லாம் எழுதிப் பெயருக்கே இடம் போதாது.

சரி, இனி செய்யவேண்டியது. வரவு செலவு நோட்டையும் பில்களையும் அந்தப் பையன்களில் கணக்குத் தெரிந்த இருவரிடம் கொடுங்கள். அவர்கள் சரிபார்த்ததும், ஞாயிறு ஆராதனை முடிந்து அவர்களே வாசிக்கட்டும். தவறு இருந்தால் அங்கேயே திருத்துங்கள். கல்வெட்டு வேலையை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்; உங்கள் பெயர் எத்தனையாவது வரி என்பதைச் சபை முடிவு செய்யட்டும்.